பழைய பாடலுக்கு உடைமையாளர் யார்? – செங்கோட்டை கேட்ட வானொலிகள்

பழைய திரைப்பாடல்களை ஒலிபரப்பும் வானொலி நிலையத்தின் உண்மையான சொத்து எது? வானைத் தொடும் ஒலிபரப்பிக் கோபுரமா? அரசு வழங்கிய உரிமமா? பாடல்கள் அடங்கிய இசைத்தட்டு அலமாரியா? அந்த அலமாரியில் எந்தத் தட்டு எந்த அடுக்கில் இருக்கிறது என்று அறிந்த அறிவிப்பாளரா? ஒரு நிலையம் கைமாறும்போது இந்த நான்கில் எவை புதியவரிடம் போய்ச் சேருகின்றன, எவை வழியிலேயே தொலைகின்றன?

இக்கேள்விகளுக்கு விடை தேட நாம் எடுத்துக்கொண்ட ஊர் செங்கோட்டை. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் அண்டையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், ஆரியங்காவுக் கணவாயின் கீழ்வாயிலில் இருக்கும் சிற்றூர். அந்த ஊர்க்காரர்கள் கேட்டு வளர்ந்த வானொலியின் வரலாறு பெரும்பாலும் வெளியூர் நிலையங்களின் வரலாறே. திருவனந்தபுரம், கொழும்பு, திருநெல்வேலி என்று திசைக்கு ஒன்றாக நிலையங்கள் இருந்தன. உடைமையாளர்களும் அப்படியே: ஒரு மன்னர், ஓர் அயல்நாட்டு அரசு, நம் நடுவண் அரசு, இறுதியாகத் தனியார் நிறுவனங்கள். உடைமையாளர் மாறியபோதெல்லாம் நேயரின் காதில் விழுந்த பாடலும் மாறியது. அந்த மாற்றங்களை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குரல் முந்தியது, வானொலி பிந்தியது

செங்கோட்டையின் குரல் வானொலிக்கு முன்பே தட்டில் ஏறிவிட்டது. செங்கோட்டை கங்காதரன் கிட்டப்பா 1906இல் இவ்வூரில் பிறந்தவர். நாடக மேடையின் தன்னிகரற்ற பாடகராக விளங்கி, 1933 டிசம்பரில், இருபத்தேழாம் வயதில் மறைந்தார். தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931இல் வெளிவந்துவிட்டது என்றாலும், கிட்டப்பாவை நமக்கு விட்டுவைத்தது வெள்ளித்திரை அன்று, இசைத்தட்டுகளே. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடந்தான் இடம். மேடையில் விரித்துப் பாடியதை மூன்று நிமிடத்துக்குள் மடித்து வைத்த அந்தத் தட்டுகளே அவர் குரலுக்கு இன்று எஞ்சியிருக்கும் சான்று.

அக்காலத்தில் வானொலி தவழத் தொடங்கியிருந்தது. சென்னை மாகாண வானொலிக் கழகம் என்ற ஆர்வலர் குழு 1924இல் தமிழகத்தின் முதல் ஒலிபரப்பைச் செய்தது. பணம் போதாமல் 1927இல் அக்கழகம் ஓய்ந்தது. அதன் ஒலிபரப்பி சென்னை மாநகராட்சியின் கைக்குச் சென்று, 1930 முதல் மாநகராட்சி வானொலியாக ஒலித்தது. 1938இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. ஆர்வலர் கழகம், நகராட்சி, அரசு என்று பதினான்கே ஆண்டுகளில் மூன்று உடைமையாளர்கள். இந்திய வானொலியின் பின்னாளைய வரலாறு முழுவதற்கும் இதுவே முன்னோட்டம் எனலாம்.

கிட்டப்பா மறைந்த அதே 1933இல்தான் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இயற்றப்பட்டது. அனுமதியின்றி வானொலிப் பெட்டி வைத்திருப்பது அதன்படி குற்றம். ஒலிபரப்பும் உரிமை 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தாலேயே அரசின் தனியுடைமை என்று கொள்ளப்பட்டு வந்தது. அனுப்புவதற்கும் கேட்பதற்கும் அரசின் இசைவு வேண்டும் என்ற நிலையில்தான் நம் நாட்டில் வானொலி பிறந்தது.

மன்னரின் நிலையம்

ஆனால் செங்கோட்டை அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் இல்லை. தமிழ் பேசும் ஊரான போதும் அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஒரு வட்டம். சமஸ்தானங்களில் மன்னர்கள் தத்தம் விருப்பப்படி வானொலி நிறுவிக்கொண்டார்கள். மைசூரில் உளவியல் பேராசிரியர் கோபாலசாமி 1935இல் தம் வீட்டிலிருந்தே ஒலிபரப்பத் தொடங்கிய நிலையம் ஆகாசவாணி என்ற பெயர் பெற்று, பின்னர் சமஸ்தானத்தின் பொறுப்புக்குச் சென்றது. ஐதராபாத், அவுரங்காபாத், பரோடா ஆகியவற்றிலும் நிலையங்கள் தோன்றின. திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா 1943 மார்ச்சு 12ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அரசு வானொலியைத் தொடங்கி வைத்தார்.

அரசியல் கணக்கில் பார்த்தால் செங்கோட்டையின் சொந்த வானொலி அதுதான். நேர்க்கோட்டில் அறுபது கிலோமீட்டர் தொலைவுதான்; ஆனால் இடையே மலை. மொழியோ மலையாளம். தலைநகரத்தின் மொழி ஒன்று, எல்லைப்புறத்தின் மொழி வேறு என்ற அந்த முரண் செங்கோட்டைக்கு மட்டும் உரியதன்று. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் அதை அனுபவித்தன.

1947இல் நாடு விடுதலை பெற்றபோது அகில இந்திய வானொலிக்கு இந்திய எல்லைக்குள் இருந்த நிலையங்கள் ஆறு. சமஸ்தான நிலையங்கள் ஐந்து. அவை ஒவ்வொன்றாக நடுவண் அரசின் கைக்கு வந்தன. திருவனந்தபுரம் நிலையம் 1950 ஏப்ரல் 1ஆம் நாள் அகில இந்திய வானொலியில் இணைந்தது. மன்னரின் சொத்து தில்லியின் சொத்தாயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1ஆம் நாள், மாநில மறுசீரமைப்பின்படி செங்கோட்டை வட்டம் சென்னை மாநிலத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. நிலையமும் ஊரும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு கைகளுக்கு மாறின. ஊர் தமிழகத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் ஒரு தமிழ் நிலையம் வர மேலும் ஏழாண்டுகள் ஆயின.

தில்லி கதவடைத்தது, கொழும்பு கதவு திறந்தது

இந்த இடைவெளியில் தில்லியில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் மரபிசையில் ஊறியவர். திரைப்பாடல்களைத் தரங்குறைந்தவை என்று கருதினார். திரையிசைக்கான நேரம் வெட்டப்பட்டது. ஒலிபரப்பப்படும் பாடல் எந்தப் படத்தில் வந்தது என்று சொல்வதுகூட விளம்பரமாகும் என்று படப்பெயர் நீக்கப்பட்டது. தயாரிப்பாளர்கள் சினந்து, பாடல்களை ஒலிபரப்ப வழங்கியிருந்த இசைவைத் திரும்பப் பெற்றனர். சில மாதங்களில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் அருகிப்போயிற்று. ஒரே உடைமையாளர் மட்டும் இருக்கும் துறையில் அந்த உடைமையாளரின் சுவையே சட்டமாகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

நேயர்கள் மனுப்போடவில்லை, குமிழைத் திருப்பினார்கள். கொழும்பு கிடைத்தது.

இலங்கையின் ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தந்தித் துறையின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் முறையாகத் தொடங்கியது. முந்தைய சோதனைகளுக்கு, பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் உதிரிக் கருவிகளைப் பயன்படுத்தினார்கள் என்பது வானொலி வரலாற்றில் பெயர்பெற்ற செய்தி. இதற்கு அடுத்த ஆண்டை ஒட்டித்தான் செங்கோட்டைக் கிட்டப்பாவும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் இலங்கை மேடைகளில் இணைந்து பாடினார்கள். கடலுக்கு அப்பால் தமிழ்ப் பாட்டுக்குச் செவி கொடுப்போர் கூட்டம் அப்போதே இருந்தது. வானொலி அக்கூட்டத்தை உருவாக்கவில்லை. அதைத் தேடிப் போய்ச் சேர்ந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் தன் வீரர்களுக்காகக் கொழும்பிலிருந்து ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பியை இயக்கியது. போர் முடிந்தபின் 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. நிலையத்துக்கு ரேடியோ சிலோன் என்ற பெயரும் வந்தது. சின்னஞ்சிறு தீவின் தேவைக்கு மிஞ்சிய ஆற்றல் அது. அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு 1950இல் தொடங்கிய வர்த்தக சேவை விடையானது. கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் அதற்கு உருக்கொடுத்தார். இந்திய வானொலியில் விளம்பரத்துக்கு இடமில்லை. ஆகவே பற்பசையும் சோப்பும் விற்ற நிறுவனங்கள் கொழும்பில் நேரம் வாங்கின. 1952 இறுதியில் தொடங்கிய அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா வட இந்தியாவைக் கட்டிப்போட்டது. தமிழ் நாட்டையும் ஈழத்தையும் கட்டிப்போட்டவர் எஸ். பி. மயில்வாகனன். அவரைத் தொடர்ந்து கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் முதலியோர் வந்தனர்.

செங்கோட்டைக்குக் கொழும்பு எளிதில் எட்டியதற்குப் புவியியலும் துணை. செங்கோட்டையிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 560 கிலோமீட்டர். கொழும்போ 370 கிலோமீட்டருக்குள்தான். மத்திய அலை பகலில் நிலத்தைத் தழுவிச் செல்வது. வறண்ட நிலம் அந்த ஆற்றலை உறிஞ்சிவிடும். உப்புநீர் நன்கு கடத்தும். மன்னார் வளைகுடா அலைக்குப் பாதை போட்டுத் தந்தது. இரவிலோ வானின் மின்னணு அடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் மேலும் தொலைவுக்குப் போகும். தென்பாண்டி நாட்டின் தேநீர்க் கடையில் கொழும்பின் குரல் உள்ளூர்க் குரல்போல் ஒலித்ததில் வியப்பில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிட்டாக வேண்டும். வானொலிப் பெட்டி வைத்திருந்தவர் ஆண்டுதோறும் அஞ்சலகத்துக்குப் போய், உரிமப் புத்தகத்தில் வில்லை ஒட்டிக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தப் பணம் இந்திய அரசுக்குப் போனது. கேட்டதோ கொழும்பை. அங்கே செலவைத் தாங்கியதோ இந்திய விளம்பரதாரர். இந்த நிலையம் யாருடையது என்று அன்றைய நேயரைக் கேட்டிருந்தால், சட்டப்படி இலங்கை அரசினுடையது என்ற பதில் அவர் வாயில் வந்திருக்காது.

புதிய பாடல் எப்போது பழைய பாடலாகிறது?

ரேடியோ சிலோன் தொடக்கத்தில் பழம்பாடல் நிலையமன்று. 1950களில் அது ஒலிபரப்பியவை அன்றைய புதுப்பாடல்கள். தட்டு வந்து சேர்ந்தது; ஒலிபரப்பினார்கள்; அலமாரியில் அடுக்கினார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த அலமாரியே பழம்பாடல் களஞ்சியமாயிற்று. பழம்பாடல் நிலையம் என்று ஒன்றைத் திட்டமிட்டுத் தொடங்குவது எளிதன்று. புதுப்பாடல் நிலையமாக இருபது ஆண்டு இயங்கி, எதையும் வீசி எறியாமல் இருந்தால் அது தானாகவே அமைந்துவிடும். இரண்டாவது நிபந்தனைதான் கடினம்.

காலையில் பொங்கும் பூம்புனல், பிறந்தநாள் வாழ்த்துகள், பாட்டுக்குப் பாட்டு, இசையும் கதையும் என்று நீண்ட நிகழ்ச்சிப் பட்டியல் முழுவதும் அந்த அலமாரியின்மேல் கட்டப்பட்டதே. இசையும் கதையும் என்ற நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். கதையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பொருந்தும் பாடல் வேண்டும். அப்படியொரு நிகழ்ச்சியை அமைப்பவருக்குப் பாடலின் பொருளும் தெரிய வேண்டும். தட்டின் இருப்பிடமும் தெரிய வேண்டும். கேஸ்கர் காலத்தில் பெயர் மறைக்கப்பட்ட படத்தையும், பாடலாசிரியரையும், இசையமைப்பாளரையும், பாடகரையும் கொழும்பு அறிவிப்பாளர்கள் பெயர் சொல்லி அறிவித்தார்கள். ஒரு தலைமுறை நேயருக்குத் திரையிசையின் வரலாறு இப்படித்தான் பாடமானது.

நிலையத்தின் உடைமை வடிவம் இதற்கிடையே மாறியது. 1967 சனவரியில் அரசுத் துறையாக இருந்தது சட்டப்படி அமைந்த கூட்டுத்தாபனமாயிற்று. 1972இல் நாடு குடியரசானபோது பெயர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்றாயிற்று. இந்த இரு மாற்றங்களிலும் அலமாரி பிழைத்தது, அறிவிப்பாளர்களும் தொடர்ந்தார்கள். ஆகவே நேயர்கள் மாற்றத்தை உணரவே இல்லை. பெயர்ப் பலகை மாறுவதால் ஒரு வானொலி மாறிவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

அரசியல்தான் பேரிடி. 1983 சூலையில் நடந்த தமிழர் படுகொலைகளுக்குப் பிறகு கொழும்பில் தமிழ்க் கலைஞர்களின் வாழ்வு பழைய வாழ்வாக இல்லை. கே. எஸ். ராஜா 1989இல் கொலை செய்யப்பட்டார். பலர் புலம்பெயர்ந்தார்கள். ஒலிபரப்பிக்கும் உரிமத்துக்கும் அப்போது எதுவும் நேரவில்லை. நாம் தொடக்கத்தில் எண்ணிய நான்கு சொத்துகளில் நான்காவதான மனிதர்கள்தாம் பறிபோனார்கள்.

தில்லி தன் கதவைத் திறந்தது

கொழும்பு தந்த பாடத்தை தில்லி மெல்லக் கற்றது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி தொடங்கியது. கேஸ்கர் பதவியில் இருக்கும்போதே திரைப்பாடல் அரசு வானொலிக்குத் திரும்பியது. 1967இல் அதில் விளம்பரமும் நுழைந்தது. கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தை நாமே வாங்கிக்கொள்வோம் என்ற எளிய கணக்கு.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் எழுந்தது. செங்கோட்டைக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் அளவில், மலைத்தடையின்றி, சொந்த மொழியில் ஒலித்த முதல் நிலையம் அதுதான். உழவர் நிகழ்ச்சியும் நாட்டார் பாடலும் வட்டார வழக்கும் அதன் வழியாக வானில் ஏறின. 1984 அக்டோபரில் நாகர்கோவிலில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையத்தை அகில இந்திய வானொலி நிறுவியது. சிற்றூருக்குச் சிறு நிலையம் போதும் என்ற எண்ணம் ஓர் அரசுத் துறைக்குத் தோன்றியதே பெரிய செய்தி. பின்னாளில் கொடைக்கானல் மலையுச்சியில் அமைந்த பண்பலை நிலையம், உயரத்தின் வலிமையால் தென்மாவட்டங்கள் பலவற்றை எட்டியது. அதற்கும் பழம்பாடல் நேயர் திரண்டனர். பண்பலை நேர்க்கோட்டில் செல்வது. மலை குறுக்கே நின்றால் மறைந்துவிடும், மலையின்மேல் ஏறி நின்றால் வெகுதூரம் பாயும். திருவனந்தபுரத்தைச் செங்கோட்டைக்கு மறைத்தது ஒரு மலை. தென்மாவட்டங்களுக்குக் கொடைப் பண்பலையைக் கொண்டுசேர்த்ததும் ஒரு மலைதான்.

அலைவரிசை யாருடையது?

வானொலி அரசின் தனியுடைமை என்ற கொள்கை 1995 பிப்ரவரியில் அசைந்தது. வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் இடையே, ஆட்டத்தை யார் ஒளிபரப்புவது என்று எழுந்த வழக்கு அது. அலைவரிசைகள் பொதுச் சொத்து. மக்கள் நலனுக்காக ஒரு பொது அமைப்பு அவற்றை முறைப்படுத்த வேண்டும். அரசின் ஏகபோகமும் தனியாரின் ஏகபோகமும் ஒருங்கே தவறு என்று உச்சநீதிமன்றம் கூறியது. 1997இல் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பின்கீழ் அகில இந்திய வானொலி சென்றது.

தீர்ப்பின் ஒரு பாதி மட்டும் விரைவில் செயலுக்கு வந்தது: ஏலம். 1999, 2000 ஆண்டுகளில் தனியார் பண்பலைக்காக நாற்பது நகரங்களில் 108 அலைவரிசைகள் ஏலம் விடப்பட்டன. முதல் கட்டத்தில் இயங்கத் தொடங்கியவை இருபதை ஒட்டியவை மட்டுமே. காரணம் எளிது: உரிமக் கட்டணம் ஆண்டுதோறும் 15 விழுக்காடு ஏறும் என்பது விதி, விளம்பர வருவாய் அந்த வேகத்தில் ஏறவில்லை. இப்படி ஒலித்த ஒருசில நகரங்களில் திருநெல்வேலியும் ஒன்று என்பது கவனிக்கத்தக்கது. அங்கே ஒலித்தது சூரியன் பண்பலை. 2005இல் வந்த இரண்டாம் கட்டக் கொள்கை, ஒருமுறை நுழைவுக் கட்டணமும் வருவாயில் 4 விழுக்காடும் என்று முறையை மாற்றியது. அதன்பின் சிறுநகரங்களுக்குப் பண்பலை பரவியது. தினத்தந்தி குழுமத்தின் ஹலோ பண்பலையும் நெல்லைக்கு வந்தது.

இங்குதான் சிறுநகர வானொலியின் உடைமைச் சிக்கல் கூர்மையாகிறது. நெல்லையில் ஒலித்தாலும் நிலையத்தின் உடைமையாளர் பல நகரங்களில் நிலையம் நடத்தும் குழுமம். விளம்பரதாரர் இளைஞரைத் தேடுகிறார்; ஆகவே பகற்பொழுது புதுப்பாடலுக்கு. இளையராஜாவின் எண்பதுகளும், அதற்கு முந்தைய விசுவநாதன்–ராமமூர்த்தி காலமும் இரவுக்குத் தள்ளப்பட்டன. அதற்கும் முந்தைய ஜி. ராமநாதன் காலத்துக்கு இரவிலும் இடம் குறைவு. கேஸ்கர் சுவையின் பெயரால் விலக்கினார். இன்று வருவாயின் பெயரால் விலக்குகிறார்கள். விலக்கப்படும் பாடலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பாட்டுக்குச் சொந்தக்காரர்

அலைவரிசைக்கு ஓர் உடைமையாளர் இருப்பதுபோல் பாடலுக்கும் உண்டு. உண்மையில் பலர் உண்டு. ஒலிப்பதிவின் உரிமை ஒருவருக்கு. சொல்லின் உரிமை பாடலாசிரியருக்கு. மெட்டின் உரிமை இசையமைப்பாளருக்கு. உரிமைத்தொகை எவ்வளவு என்று இசைத்தட்டு நிறுவனங்களும் பண்பலை நிலையங்களும் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. 2010 ஆகஸ்டில் காப்புரிமை வாரியம், நிலையத்தின் நிகர விளம்பர வருவாயில் 2 விழுக்காடு என்று வகுத்தது. 2012ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையில் தம் பங்கை விட்டுக்கொடுக்க முடியாதபடி உறுதிசெய்தது.

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்பு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி அறுபது ஆண்டுகள். 1992க்கு முன் அது ஐம்பதாக இருந்தது. ஆகவே 1964இலோ அதற்கு முன்போ வெளியான ஒலிப்பதிவுகளின் காப்பு இப்போது முடிந்துவிட்டது. ஆனால் சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிய காப்பு, படைத்தவர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை. 1959இல் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் சொற்கள் எல்லோருக்கும் உரியன. 1981இல் மறைந்த கண்ணதாசனுக்கு 2041 முடியும் வரை காப்பு உண்டு. ஒரே தட்டில் ஒலிப்பதிவு பொதுவாகவும், பாடல் வரி தனியாருடையதாகவும் இருக்கலாம்.

இப்போது மீண்டும் கிட்டப்பாவைப் பார்ப்போம். அவர் தட்டுகளின் காப்பு, பழைய ஐம்பதாண்டுக் கணக்கிலேயே 1983ஓடு தீர்ந்துவிட்டது. சட்டப்படி அக்குரல் நம் எல்லோருடையது; செங்கோட்டையில் பள்ளிக்கூடம் செல்லும் சிறுவனுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் காப்பு தீர்ந்துவிட்டதனால் மட்டும் அந்தச் சிறுவன் அதைக் கேட்டுவிட முடியாது. யாரோ ஒருவர் வீட்டுப் பரணிலோ, ஏதோ ஒரு நிலையத்தின் அலமாரியிலோ அந்த அரக்குத் தட்டு உடையாமல் இருக்க வேண்டும். தட்டுக்கு உடைமையாளர் இருந்தால்தான் குரல் பொதுவுடைமை ஆக முடியும். அரக்கு எளிதில் உடையும். நாடா ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். குறுந்தகடும் நிலையானதன்று. உரிமம் காலாவதியாகும் நாளைச் சட்டம் குறித்து வைத்திருக்கிறது. தட்டு உடையும் நாளை யாரும் குறித்து வைக்கவில்லை.

நாளை ஒரு நிலையம் தொடங்கினால்

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. செங்கோட்டையும் குற்றாலமும் அதில் அடங்கின. அந்த மாவட்டத்தில் ஒரு பழம்பாடல் வானொலி தொடங்க எண்ணுவோர் இருந்தால், மூன்று வழிகள் உண்டு. ஏலத்தில் அலைவரிசை எடுப்பது பெருநிறுவனத்தின் வழி. பிரசார் பாரதி வழியே முயல்வது அரசின் வழி. மூன்றாவது, சமுதாய வானொலி. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை 2004 பிப்ரவரியில் நாட்டின் முதல் கல்வி வளாக வானொலியாக எழுந்தது. 2006 முதல் தொண்டு அமைப்புகளுக்கும் அந்த வாய்ப்பு உண்டு. ஒலிபரப்பியின் ஆற்றல் சிறிது. எட்டும் தொலைவு சில கிலோமீட்டர். விளம்பரத்துக்கும் வரம்பு உண்டு. தங்கள் வட்டாரத்து மக்களைப் பற்றியே அது பெரும்பாலும் பேச வேண்டும் என்பது விதி. பழம்பாடலை மட்டும் நாள் முழுவதும் ஒலிபரப்ப அது இடந்தராது. ஆனால் தம் ஊர்ப் பாடகரைப் பற்றிப் பேசி, அவர் தட்டை ஒலிக்கச் செய்வதை எந்த விதியும் தடுக்காது.

எந்த வழியானாலும் கோபுரத்துக்கு முன் அலமாரி வேண்டும். தட்டு வைத்திருப்போர் பட்டியல் ஒன்று வேண்டும். அத்தட்டுகளை எண்மமாக்க ஓர் அறை வேண்டும். படம், ஆண்டு, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று பிழையின்றிக் குறித்துவைக்கும் ஒருவர் வேண்டும். கொழும்பின் வலிமை நூறு கிலோவாட் ஒலிபரப்பியில் மட்டும் இருந்ததாக எண்ணுவது தவறு. இந்தக் குறிப்பிலும் ஒழுங்கிலும் இருந்தது. இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்று சொல்வோர், அங்கே எத்தனை பாடல்களுக்குப் பாடலாசிரியரின் பெயர் பிழையாக இருக்கிறது என்பதை ஒருமுறை சரிபார்க்கட்டும்.

வானொலியின் உடைமையாளர்கள் வரிசையில் மன்னர் வந்தார், போனார். காலனி அரசும் படைத்தலைமையும் வந்தன, போயின. அமைச்சரின் சுவை வந்தது, போயிற்று. இன்றைய குழுமங்களும் ஒருநாள் கைமாறும். இத்தனை கைகளையும் கடந்து பாடல்கள் நம்மிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம், ஒவ்வொரு காலத்திலும் தட்டைத் துடைத்து உறையிலிட்டு, உறையின்மேல் பெயர் எழுதிவைத்த யாரோ ஒரு நூலகப் பணியாளர். அவர் பெயர் எந்த உரிமத்திலும் இல்லை. நம் வட்டாரத்தில் அந்த வேலையை இப்போது செய்யவேண்டியவர் யார் என்பதுதான் இனி நாம் தீர்மானிக்க வேண்டியது.